எல்லை கடக்கும் மோட்டார் வண்டியும் சட்டமும்

(நமது சங்கத்தின் ஆர்.கே.பேட்டைக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



தணிகைமலைக் குமரக் கடவுளின் திருவருளை முன்னிட்டு இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் புராணமுமன்று, இலக்கியமுமன்று. மோட்டார் வண்டியைப் பற்றியதாகும். கல்வியைக் குறித்தும் கைத்தொழிலைக் குறித்தும் பேசுவதே வழக்கமாயுள்ள நமது சங்க மேடையில் இதென்ன விஷயம் என்று சிலர் எண்ணக்கூடும். பல வருஷம் தறியில் உழைத்துச் சேர்த்த பொருளை ஒரே நாளில் இழக்கும்படி செய்யவல்ல எதுவும் சங்கத்தின் கவனத்துக்கு உரியதே என்பது நமது துணிபு. ரிஜிஸ்தர் ஆகாத வண்டியை எல்லை தாண்டி ஓட்டுவது அத்தகையதொரு காரியம்.

இவ்விஷயம் வேறெந்த ஊரினும் நமது ஊருக்கு மிகவும் பொருந்தும். ராமகிருஷ்ணராஜுப்பேட்டையாகிய இவ்வூரிலிருந்து சிறிது தூரம் சென்றாலே ஆந்திரம் வந்துவிடுகிறது. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் தனியே பிரிந்தபோது திருத்தணிப் பகுதி சித்தூர் ஜில்லாவோடு அம்மாநிலத்தில் சேர்ந்தது. ம.பொ.சிவஞானம் முதலிய தலைவர்கள் நடத்திய எல்லைக் கிளர்ச்சியின் பயனாகவும், படாஸ்கர் அவர்களின் தீர்ப்பின்படியும், 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்துக்குத் திரும்ப வந்தது. நமது பாட்டன்மார் வீட்டுத் திண்ணையைவிட்டு இறங்காமலே இரண்டு மாநிலங்களில் வாழ்ந்தவர்கள் என்று சொல்லலாம். ஆதலின் எல்லைக்கோடு நமது உறவைப் பிரிக்கவில்லை. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் ஆகிய ஊர்களில் இருப்போருக்கு நகரியிலும் புத்தூரிலும் பெண் கொடுத்தலும் பெண் எடுத்தலும் இன்றும் நடந்துவருகின்றன. நூல் வாங்கவும் சேலை விற்கவும் திருப்பதி தரிசனத்துக்கும் நாம் நாள்தோறும் எல்லையைத் தாண்டுகிறோம். பக்கத்து வீதிக்குப் போவதுபோலப் போய்வருவதால், அங்கே சட்டம் ஒன்று காத்திருக்கிறது என்னும் நினைவே நம்மில் பலருக்கு உண்டாவதில்லை.

முதலில் சட்டம் யாது கூறுகிறது என்பதைக் காண்போம். இந்தியா முழுமைக்குமான மோட்டார்ச் சட்டம் முதலில் 1914-ஆம் ஆண்டிலும், பின்னர் 1939-ஆம் ஆண்டிலும் ஏற்பட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். அது 2019-இல் பெரிதும் திருத்தப்பெற்றது. அதன் 39-வது பிரிவு, ரிஜிஸ்தர் ஆகாத வண்டியை எவரும் பொது இடத்திலோ வேறெந்த இடத்திலோ ஓட்டலாகாது. உடையவர் பிறரை ஓட்ட விடவுமாகாது. ரிஜிஸ்தர் எண்ணை விதித்த முறைப்படி வண்டியில் பொருத்தியிருத்தல் வேண்டும் என்று விதிக்கிறது. ஆகவே ஓட்டியவர் மாத்திரமன்று, சாவியைக் கொடுத்தவரும் குற்றவாளியே. “மைத்துனன் கேட்டான், கொடுத்தேன்” என்பது சமாதானமாகாது.

இதற்குத் தண்டனை 192-வது பிரிவில் உள்ளது. முதன்முறை 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 5,000 ரூபாய் வரையில் அபராதம். மறுமுறை ஓராண்டு வரையில் சிறைவாசம், அல்லது 5,000 முதல் 10,000 ரூபாய் வரையில் அபராதம், அல்லது இரண்டும். மாநில சர்க்கார்கள் அபராதத்தைப் பெருக்கிக்கொள்ளவும் 210-ஏ பிரிவு இடந்தருகிறது. இவையன்றி, 207-வது பிரிவின்படி போலீசார் வண்டியையே பிடித்து நிறுத்திவைக்கலாம். தெலுங்கு நமக்கு அந்நிய பாஷையன்று; ஆயினும் எல்லைக்கு அப்பால் வண்டி பிடிபட்டால், அதை மீட்க அந்த ஊர் அதிகாரியின் முன்னரே தஸ்தாவேஜுகளுடன் நிற்க வேண்டும். தறியை நிறுத்திவிட்டு அலைகிற ஒவ்வொரு நாளும் நஷ்டக் கணக்கில் சேர்கிறது.

சட்டம் இரக்கமற்றதன்று என்பதையும் சொல்ல வேண்டும். நோயாளியையோ காயம்பட்டவரையோ அவசரமாகக் கொண்டுசெல்லவும், துயருற்றோருக்கு உணவும் மருந்தும் கொண்டுபோகவும் ரிஜிஸ்தர் ஆகாத வண்டியை உபயோகித்தால் இத்தண்டனை இல்லை. ஏழு நாளுக்குள் போக்குவரத்து அதிகாரிக்குத் தெரிவித்துவிட வேண்டும். கல்யாணத்துக்கும் தரிசனத்துக்கும் இவ்விலக்குப் பொருந்தாது.

இதுவரை கூறியது அபராதத்தைப் பற்றியது. அபராதம் சிறிய நஷ்டமே. பெரிய நஷ்டம் இன்ஷூரன்ஸில் இருக்கிறது. இதை ஒரு மெய்யான வழக்கினால் விளக்குவோம்.

இராஜஸ்தானத்தில் ஸ்ரீகங்காநகரைச் சேர்ந்த ஓர் ஒப்பந்தக்காரர், பக்கத்து மாநிலமாகிய பஞ்சாபில் புதிய பொலேரோ வண்டிக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தார். இன்ஷூர் செய்த தொகை 6,17,800 ரூபாய். தற்காலிக ரிஜிஸ்தர் 2011-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதியோடு முடிந்தது. ஜூலை 28-ஆம் தேதி அவர் தொழில் நிமித்தம் ஜோத்பூர் சென்று, விருந்தினர் விடுதியொன்றின் வெளியே வண்டியை நிறுத்திவிட்டு இரவு தங்கினார். காலையில் வண்டியைக் காணவில்லை. நமது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் கம்பெனி பணந்தர மறுத்தது. நுகர்வோர் மன்றங்களின் வழியாக வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்றது. திருடனுக்கும் ரிஜிஸ்தருக்கும் என்ன சம்பந்தம் என்று நமக்குத் தோன்றலாம். 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி அளித்த தீர்ப்பில் நீதிபதிகள், ரிஜிஸ்தர் இல்லாத வண்டியை வீதியில் ஓட்டியதே பாலிசியின் அடிப்படை நிபந்தனையை மீறியதாகும் என்றும், நிரந்தர ரிஜிஸ்தருக்கு அவர் விண்ணப்பித்ததாகக்கூட ஆதாரமில்லை என்றும் எடுத்துக்காட்டி, கம்பெனி பணந்தர வேண்டுவதில்லை என்று முடிவு செய்தனர்.

பிரீமியம் கட்டியாயிற்று, பாலிசியும் கையில் இருந்தது, திருட்டும் மெய்யே. ஆயினும் தேதி கடந்த ஒன்பது நாள் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட தொகையை விழுங்கிவிட்டது. இது தனியொரு தீர்ப்புமன்று. 2014-ஆம் ஆண்டிலேயே, தற்காலிக ரிஜிஸ்தர் 2006 ஜனவரியில் முடிந்து பிப்ரவரியில் விபத்துக்குள்ளான வேறொரு வண்டியின் வழக்கில், வண்டியின் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் பணம் இல்லை என்று அதே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது.

“இன்ஷூரன்ஸ் எடுத்தாயிற்று, இனிப் பயமில்லை” என்று நம்மவரில் பலர் கருதுகின்றனர். அக்கருத்து எத்துணைப் பிழையானது என்பது இப்போது விளங்கும். ரிஜிஸ்தர் இல்லாத வண்டிக்கு எடுத்த இன்ஷூரன்ஸ், பாவில்லாத தறியில் ஊடையைக் கோத்ததற்கு ஒப்பாகும். நூல் செலவாகுமேயன்றித் துணி ஆகாது.

இனி, நம்மிடையே இத்தவறு நேரிடக்கூடிய வழிகள் மூன்றினைக் கூறுவோம்.

முதலாவது, புது வண்டி. நல்ல நாள் பார்த்து வாங்கிய வண்டியைத் தணிகைமலைமேல் ஓட்டிச் சென்று, மாலையிட்டு, எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை செய்வது நமது வழக்கம். நல்ல வழக்கமே. ஆனால் ரிஜிஸ்தர் எண் வருமுன் மலையேறுவது ஆகாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, விற்கும் வியாபாரியும் வாங்குபவரும் ஒரே மாநிலத்தவராயின், ரிஜிஸ்தருக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் வியாபாரியே. எண் பொருத்தாமல் வண்டியை ஒப்படைக்கவும் கூடாது. ஆகவே முகூர்த்தத்தைக் கருதி வியாபாரியை அவசரப்படுத்துவது நமக்கே கேடாகும். முகூர்த்தத்தை எண் வந்தபின் வைத்துக்கொள்வதில் தெய்வக்குற்றம் ஒன்றுமில்லை.

அண்மையில் இருக்கிறதென்று திருப்பதியிலோ சித்தூரிலோ வண்டி வாங்குவோரும் உண்டு. அவர்கள் தற்காலிக ரிஜிஸ்தர் பெற்று, அதன் தேதி முடியுமுன் நமது மாநிலத்தில் நிரந்தர ரிஜிஸ்தர் செய்துகொள்ள வேண்டும். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து இருப்பது தற்காலிக எண். சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து இருப்பது வியாபாரியின் எண். பின்னது வியாபாரியின் வேலைக்கேயன்றி நமது பிரயாணத்துக்கு உரியதன்று. வரி குறைவென்று எண்ணி வேற்றிடத்துப் பொய் விலாசம் கொடுத்து ரிஜிஸ்தர் செய்வது இன்னும் பெரிய குற்றம். வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறதோ அந்த மாநிலத்திலேயே அதனை ரிஜிஸ்தர் செய்ய வேண்டும் என்பது 40-வது பிரிவின் கருத்து. புதுச்சேரியில் பொய் விலாசம் காட்டி வண்டிகளை ரிஜிஸ்தர் செய்ததாகக் கேரளத்தில் 2017-ஆம் ஆண்டில் புகழ்பெற்ற பிரமுகர்கள் மீதே போலீசார் வழக்குத் தொடுத்தனர்.

இரண்டாவது, சீர் வண்டி. பெண்ணுக்குச் சீராக வண்டி கொடுக்க வேண்டுமா என்பதைப் பற்றிச் சங்கத்தில் வேறொரு நாள் தர்க்கிக்கலாம். கொடுப்பவர் செய்யும் காரியத்தை மட்டும் இங்கே கவனிப்போம். தந்தை தம் பெயரில் திருவள்ளூர் ஜில்லாவில் ரிஜிஸ்தர் செய்த வண்டி, கல்யாணத்துக்குப் பின் நகரியில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாநிலத்து ரிஜிஸ்தர் இந்தியா முழுவதிலும் செல்லும். ஆதலின் போய்வருவதில் குற்றமில்லை. ஆனால் வேற்று மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், 47-வது பிரிவின்படி இங்கிருந்து ஆட்சேபணையில்லாச் சான்று பெற்று அம்மாநிலத்தில் புது எண் வாங்க வேண்டும். அங்கே வரி கட்டுவதுடன், இங்குக் கட்டிய ஆயுள் வரியில் கழிந்த காலம் போக எஞ்சியதைத் திரும்பக் கேட்கவும் வழியுண்டு. இத்துடன் பெயர் மாற்றமும் செய்துவிட வேண்டும்.

மூன்றாவது, பழைய வண்டி. கைக்குக் கை பணம், வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து. அவ்வளவோடு எல்லைக்கு அப்பாலிருந்து வண்டி வாங்குவதும் விற்பதும் நம்மிடையே சகஜம். விற்றவர் உள்மாநிலத்தில் 14 நாளுக்குள்ளும், வெளிமாநிலமாயின் 45 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 50-வது பிரிவு சொல்கிறது. தெரிவியாதவர் கதி என்ன? 2007-இல் விற்ற ஒரு வண்டி, பதிவேட்டில் பெயர் மாறாமலே பலர் கைக்குச் சென்று, 2009 மே மாதத்தில் விபத்து நேர்ந்து ஒருவர் உயிரிழந்தார். வண்டியை என்றோ விற்றுவிட்ட முதல் உடையவர் மீதே பொறுப்பு விழுந்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உடையவர் என்று 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. வண்டி கண்ணுக்கு எட்டாத தூரம் போயிருக்கலாம். நஷ்டஈட்டுக் கட்டளை மட்டும் நம் வாசற்படிக்குத் தவறாமல் வந்து சேரும்.

பழைய வண்டியில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. சொந்த வண்டியின் ரிஜிஸ்தர் பதினைந்து ஆண்டுக்கே செல்லும். அதன்பின் புதுப்பிக்காமல் ஓட்டினால், எண்பலகை பளபளவென்று இருந்தாலும் அது ரிஜிஸ்தர் இல்லாத வண்டியே. மலிவாகக் கிடைக்கிறதென்று மகிழுமுன் அத்தேதியைப் பார்த்தல் வேண்டும்.

சகோதரர்களே! எல்லை நாம் கேட்டு வந்ததன்று. நமது பெரியோர் அதனால் பட்ட பாட்டையும் அறிவோம். ஆயினும் அது இருக்கிறது. இருக்கும் வரையில் அதனை அறிந்து நடப்பதே விவேகம். வண்டியை எடுக்குமுன் மூன்று தேதிகளைப் பார்த்துக்கொள்க: ரிஜிஸ்தர் எதுவரை, இன்ஷூரன்ஸ் எதுவரை, வேற்று மாநிலத்தில் வைத்திருந்தால் எந்நாள் முதல் என்பன. தஸ்தாவேஜுகளைக் காகிதமாகவேனும், சர்க்கார் ஏற்கும் டிஜிலாக்கர் வழியாகக் கைப்பேசியிலேனும் உடன் வைத்திருத்தல் நலம்.

நமது சங்கத்தாரும் ஒன்று செய்யலாம். வாசிக்கத் தெரியாத முதியோர் வீட்டு வண்டிகளின் தேதிகளைக் கிளைச் சங்கத்தின் இளைஞர்கள் பார்த்துச் சொல்லவும், வண்டி வாங்குவோருக்கும் விற்போருக்கும் படிவங்களை நிரப்பித் தரவும் முன்வர வேண்டும். இதற்குப் பொருட்செலவு வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். படித்த நம் பிள்ளைகள் குலத்துக்குச் செய்யும் தொண்டு இதைவிட எளிதாய் வேறொன்றில்லை.

 எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள நம் குடும்பங்கள் யாவும் தணிகேசன் அருளால் இனிது வாழ்க!