ஸ்கேனில் தெரியாத வயிற்று வலி

மூன்று மாதத்துக்கு மேல், விட்டுவிட்டோ தொடர்ந்தோ வரும் வலி நாள்பட்ட வயிற்று வலி எனப்படுகிறது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் நார்மல் என்று வந்த பிறகும் சிலருக்கு வலி நிற்பதில்லை. "ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்" என்ற பேச்சு வீட்டில் கிளம்புவது அப்போதுதான். ஸ்கேனில் உறுப்புகளின் உருவம் தெரியும். கல், கட்டி, வீக்கம் தெரியும். குடல் இழுத்துப் பிடிப்பதும், சாதாரண அசைவைக்கூட நரம்புகள் வலியாக உணர்வதும் அதில் பதியாது.

ஐ.பி.எஸ். எனப்படும் குடல் கோளாறு இந்த வகை. மலம் கழிப்பதை ஒட்டி வலி கூடும் அல்லது குறையும். மலம் போகும் தடவையும் தன்மையும் மாறும். இதற்குச் சிலருக்குச் சிறிய அளவில் மனச்சோர்வு மருந்து தரப்படுவதுண்டு. நரம்பு வழியே போகும் வலியை அது மட்டுப்படுத்துகிறது. நோயாளிக்கு மனநோய் என்று அதற்குப் பொருளில்லை.

சில வலிகள் குடலில் கிளம்புவதே இல்லை. வயிற்றுச் சுவரின் தசையில் சிக்கிய நரம்பிலிருந்து வருகின்றன. இதைக் கண்டறிய அமெரிக்க அறுவை மருத்துவர் கார்னெட் 1926-இல் விவரித்த சோதனைக்கு ஒரு விரல் போதும். நோயாளி மல்லாந்து படுக்கிறார். வலிக்கும் இடத்தை அழுத்தியபடியே, தலையையும் தோளையும் தூக்கும்படி மருத்துவர் சொல்கிறார். இறுகிய தசை உள்ளுறுப்புகளுக்குக் கவசமாகிவிடுவதால் உள்ளிருந்து வரும் வலி குறையும். சுவரிலிருந்து வரும் வலி குறையாது, கூடவும் செய்யும். அந்த இடத்தில் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டதும் பல மாத வலி அடங்குவதுண்டு.

காரணமின்றி எடை குறைவது, மலத்தில் ரத்தம், தார் போன்ற கறுப்பு மலம், ரத்தசோகை, தூக்கத்தைக் கலைக்கும் வலி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வலி ஆகியவை இருந்தால் மேலும் தேட வேண்டும். எடைக் குறைவோடு மாலைக் காய்ச்சலும் இருந்தால் இந்தியாவில் வயிற்றுக் காசநோயையும் பார்ப்பது வழக்கம். மாதவிடாயை ஒட்டிக் கூடும் அடிவயிற்று வலி எண்டோமெட்ரியோசிஸாக (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) இருக்கலாம். சாதாரண ஸ்கேனில் அது தப்பிவிடக்கூடும்.

நோயைக் கண்டறிய மருத்துவருக்குப் பெரிதும் உதவுவது நோயாளி சொல்லும் விவரம். இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வைத்தால் அது தெளிவாக வரும். வலி தொப்புளைச் சுற்றியா, வலது விலாவுக்குக் கீழா, அடிவயிற்றிலா? குத்துகிறதா, முறுக்குகிறதா, எரிகிறதா? சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து? எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பின் வலது விலாவடியில் கிளம்பி முதுகுக்கோ தோளுக்கோ பரவும் வலி பித்தப்பைக் கல்லைச் சுட்டும். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளில் பல இரைப்பையைப் புண்ணாக்கும் என்பதால் அவற்றின் பெயரும் அந்த நோட்டில் இருக்க வேண்டும். பழைய ரிப்போர்ட்டுகளை ஒரே ஃபைலில் வைத்து, ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து காட்டினால் அதே பரிசோதனைக்குத் திரும்பத் திரும்பப் பணம் கட்ட நேராது.

காரணம் பிடிபடும்வரை நேரத்துக்கு அளவான சாப்பாடு, மிதமான நடை, நல்ல தூக்கம், வெந்நீர்ப் பை ஒத்தடம் ஆகியவை வலியோடு நாளை ஓட்ட உதவும். ஆனால் வலி திடீரென்று தாங்கமுடியாமல் கூடினாலோ, வயிறு பலகைபோல் விறைத்தாலோ, வாந்தி நிற்காமல் மலமும் வாயுவும் அடைத்துக்கொண்டாலோ, நோட்டை வைத்துவிட்டு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.