கோச்சின் நேரமும் பிள்ளையின் நேரமும்

(ஸ்காபரோவில் பெற்றோருக்கான ஞாயிறு சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இண்டைக்கு என்னைப் பேசச் சொன்ன விசயம் சின்னது மாதிரித் தெரியும். பதினைஞ்சு வயதுப் பிள்ளை ஒண்டு நீச்சலோ, ஹொக்கியோ, பட்மின்ரனோ நல்லாச் செய்யுது. கோச் கிழமைக்கு ஆறு நாள் வரச் சொல்லுறார். சனிக்கிழமை சிநேகிதியின்ர பிறந்தநாள். போகட்டோ எண்டு பிள்ளை கேக்குது. "வராட்டி அடுத்த போட்டியில இடம் இருக்குமோ தெரியாது" எண்டு கோச் சொல்லுறார். வீட்டில நாங்கள் என்ன சொல்லுறம்? "பிறந்தநாள் வருசா வருசம் வரும். நீ பயிற்சியைப் பார்."

ஏன் அப்படிச் சொல்கிறோம்? நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வேலை, இரவு ஷிப்ட் என்று ஓடிய ஆட்கள். நேரத்தைக் கொடுத்தால்தான் எதுவும் கிடைக்கும் என்பது உடம்பில் ஊறிய பாடம். கிளப்புக்குக் கட்டுவதும் ஓவர்டைம் செய்த காசு. ஒரு பயிற்சி தவறினால் நெஞ்சு பதறுது. பிள்ளை சிநேகிதரோடு மோலில் சுத்துற இரண்டு மணித்தியாலம் வீண் நேரமாய்த் தெரியுது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அது வீண் நேரம் இல்லை. மிஞ்சினால் கொடுக்கிற நேரமும் இல்லை. அது பிள்ளையின் உரிமை.

1872இல் இதே றொறன்ரோவில் அச்சுத் தொழிலாளர்கள் ஒன்பது மணித்தியால வேலைநாள் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். தலைவர்களைக் கைது செய்தார்கள். ஆனால் அதே ஆண்டு தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. அவர்கள் கேட்டது வேலைக்கு வெளியே ஒரு வாழ்க்கை. இப்ப எங்கட பிள்ளையின்ர கணக்கைப் பாருங்கோ. பள்ளிக்கூடம் கிழமைக்கு முப்பது மணித்தியாலத்துக்கு மேல். பயிற்சி பதினாறு. வீட்டுப்பாடம் தனி. எங்கட முழுநேர வேலையை விடக் கூட. தொழிலாளிக்கு ஓய்வுநாள் உரிமை என்று பேசுற நாங்கள், வீட்டுக்குள்ள அதை மறக்கலாமோ?

இதில் உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஒட்டாவாவில் றோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயது றக்பி வீராங்கனை 2013 மே மாதம் இறந்துபோனார். சில நாட்களுக்குள் திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டும் விளையாடியிருந்தார். தனக்கு மூளை அதிர்ச்சியோ என்ற சந்தேகத்தை அவர் சிநேகிதருக்குத்தான் குறுஞ்செய்தியில் சொல்லியிருந்தார். 2018இல் அவர் பெயரிலேயே ஒன்ராறியோவில் சட்டம் வந்தது: மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை ஆட்டத்திலிருந்து எடுக்க வேண்டும்.

இதில் இரண்டு பாடம் இருக்கு. ஒன்று, கோச்சின் சொல்லுக்கு மேலே சட்டம் இருக்கிறது. மற்றது, இந்த வயதுப் பிள்ளை வருத்தத்தை முதலில் சொல்லுவது சிநேகிதருக்கு. சிநேகிதரை வெட்டிவிட்டால் அந்த வாசலையும் அடைக்கிறோம். அவர்களையும் அவர்களுடைய தாய் தகப்பனையும் தெரிந்து வைத்திருப்பதுதான் எங்கட வேலை.

கோச் எங்கட எதிரி இல்லை. கனபேர் தொண்டராகவோ குறைந்த சம்பளத்திலோ நிற்கிறார்கள். பதக்கம் வராவிட்டால் அவர்களுக்கும் நெருக்கடி. ஆனால் நெருக்கடியைப் பிள்ளையின் தலையில் இறக்க விடேலாது. அமெரிக்காவில் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கிறவர்களின் தேசிய சங்கம் 2019இல் சொன்ன அளவு இது: கிழமைக்குக் குறைந்தது இரண்டு நாள் ஓய்வு, பிள்ளையின் வயது எத்தனையோ, அதற்கு மேற்பட்ட மணித்தியாலம் கிழமைக்குப் பயிற்சி கூடாது. நோர்வேயின் சிறுவர் விளையாட்டு உரிமைகளில் நட்பும் ஒன்று. அதே நோர்வேதான் 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் எடுத்தது.

அப்ப நாங்கள் என்ன செய்யலாம்?

காசு கட்டுறதுக்கு முதல் கேளுங்கோ: கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், எந்த நாள் ஓய்வு, முன்கூட்டிச் சொல்லி ஒரு நாள் வராவிட்டால் என்ன நடக்கும்? பதிலை ஈமெயிலில் வாங்குங்கோ. தனியாய்ப் போகாதேங்கோ. நாலு வீட்டார் சேர்ந்து போங்கோ. மற்றச் சமூகத்துப் பெற்றோரையும் கூப்பிடுங்கோ. தனி ஆள் கேட்டால் பிள்ளையை வாங்கில் இருத்தலாம், நாலு பிள்ளையை இருத்த ஏலாது. சங்கம் எண்டுறது இதுதானே.

மாதத்தில் எந்த நாட்கள் தனக்கு வேணும் எண்டு பிள்ளையே கலண்டரில் எழுதட்டும். அண்டைக்குப் பயிற்சிக்குப் போறன் எண்டு பிள்ளையே சொன்னால் அதுவும் சரி. ஆனால் பிள்ளையை அவமானப்படுத்திற, சிநேகிதரோடு கதைக்காதே எண்டு சொல்லுற கோச்சோடு நேரம் பேசி ஆகிறது ஒண்டுமில்லை. அங்கிருந்து பிள்ளையை எடுத்து, முறைப்பாடு செய்ய வேண்டும்.

கோச்சை மட்டும் சொல்லியும் காணாது. சனி தமிழ் வகுப்பு, ஞாயிறு மிருதங்கம், இடையில கணித ரியூசன் எண்டு போட்டது நாங்கள். பொம்பிளைப் பிள்ளையளுக்கு இன்னும் இறுக்கம். விடிய அஞ்சு மணிக்கு நீச்சல் தடாகத்துக்கு அனுப்புற நாங்கள், பின்னேரம் அஞ்சு மணிக்குச் சிநேகிதி வீட்டுக்கு அனுப்ப யோசிக்கிறம். அந்தக் கேள்வியை கோச்சிட்டக் கேக்க ஏலாது. எங்களிட்டத்தான் கேக்க வேணும்.

அடுத்த பருவத்துக்குப் பதிவு தொடங்க முதல், ஒரே கிளப்பில் பிள்ளைகள் உள்ளவர்கள் இண்டைக்கே பெயரைக் குடுத்திட்டுப் போங்கோ. சேர்ந்து போய்க் கேப்பம்.