"வயசாச்சும்மா" என்ற டாக்டர்
(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

பூனைக்கெல்லாம் ஒரு பேச்சா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு கிழட்டுப் பூனைகள். இளையதற்குச் சர்க்கரை, காலையும் மாலையும் இன்சுலின், அது பழகிவிட்டது. மூத்ததற்கு 14 வயது. ஓயாமல் தண்ணீர் குடித்தது, மணல் தட்டு எந்நேரமும் ஈரம், உடம்பு இளைத்துக்கொண்டே போனது. மூன்று முறை கொண்டுபோனேன். மூன்று முறையும் டாக்டர் "வயசாச்சும்மா" என்று டானிக் எழுதினார். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நான்காம் முறை நானே ரத்தப் பரிசோதனை கேட்டேன். கிரியாட்டினின் 4.1. சிறுநீரகம் பெரும்பாலும் கெட்ட பிறகுதான் அது இப்படி ஏறுமாம்.

அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் நானும் எடையை எழுதி வைத்திருக்கவில்லையே. 4 கிலோ பூனை அரைக் கிலோ குறைவது, 60 கிலோ ஆள் ஏழரைக் கிலோ குறைவது மாதிரி. எழுதிய தாளை நீட்டியிருந்தால் "வயசு" என்று சொல்லியிருப்பாரா?

இப்போது வேறு டாக்டர். அவர் சொன்ன அளவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வீட்டிலேயே தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் ஏற்றுகிறோம். பூனை சாப்பிடுகிறது, என்னை முறைக்கிறது.

இன்னொன்று, காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

எடை மெஷின் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஞாயிறு காலையில் பூனையைக் கூடையோடு கொண்டுவாருங்கள்.