ஆவுளியாவின் கணக்கு

இப்பேரவையில் மீன்வளப் பட்டம் பெற்றுச் செல்லும் மாணவர்கள் இனிப் போடவேண்டிய கணக்குகளில் மிகக் கடினமானது, பாக் விரிகுடா மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசுவின் கணக்காகும். நுரையீரலால் சுவாசிக்கும் இப்பாலூட்டி ஏறத்தாழ 70 ஆண்டுகள் வாழக்கூடியதாயினும், ஓராண்டுக்கும் மேலாகக் கருச்சுமந்து ஒரே குட்டியை ஈன்று, அடுத்ததற்குச் சில ஆண்டுகள் இடைவெளி விடுவதால், சினைப்பருவப் பெண் விலங்குகளுள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு கூடுதலாக மடிந்தாலும் சிறு கூட்டமொன்று மீளமுடியாமல் தேய்ந்துவிடும்.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதன் வேட்டையைத் தடுத்தது. ஆனால் இன்று இதை அழிப்பவருள் பெரும்பாலோர் இதைத் தேடிச் செல்வதில்லை. மீனின் செவுளில் மாட்டிக்கொள்ளுமாறு நீரில் சுவர்போல் நிற்கும் செவுள்வலையில் சிக்கும் ஆவுளியா, மூச்செடுக்க மேலே வரமுடியாமல் கடலுக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகிறது. உயிருடன் கடலில் விடும் மீனவர்க்கு வனத்துறை பரிசளிப்பது நல்ல ஏற்பாடே, எனினும் வலையை இழுக்கும் வேளையில் விலங்கு உயிரோடிருந்தால்தான் அதற்குப் பயனுண்டு.

இதனினும் ஓசையின்றி நிகழ்வது மேய்ச்சல் நிலத்தின் இழப்பு. ஆவுளியா மேயும் கடற்புல் பாசியன்று. வேரும் பூவும் விதையும் உடைய, வெயில் எட்டும் ஆழமற்ற நீரில் மட்டுமே வளரும் தாவரம். விசைப்படகுகளின் இழுவைமடி, வாயை அகலத் திறந்து வைக்கும் கனத்த பலகைகளோடு கடலடியை உழுதுகொண்டு போகையில் இப்புல் வேரோடு பெயர்வதுடன், கலங்கிய சேறு வெயிலை மறைத்து எஞ்சியதையும் நலியச் செய்கிறது. அப்புல்லுக்குள்தான் இறாலின் இளங்குஞ்சுகளும் வளர்கின்றன என்பதால், இறாலுக்காக இழுக்கப்படும் மடி இறாலின் தொட்டிலையே குலைக்கிறது. இதைக் கடலோரத்தார்க்கு எவரும் புதிதாகக் கற்பிக்கவேண்டியதில்லை.

கிழக்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்களாகும். விரைந்து பெருகும் மீன்களை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட இக்கால அளவு, ஒரு குட்டி கருவில் கழிக்கும் காலத்தில் ஒரு சிறு பகுதியே. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தமை காலத்தைவிட இடத்தை முன்வைத்த நடவடிக்கை என்ற வகையில் பொருத்தமானதே. எனினும் எல்லைக்குள் புல் எங்கே அற்றுப்போயிற்று, எங்கே மீண்டும் தளிர்க்கிறது என்பதை மூழ்கி அளந்தே உறுதியாக அறியமுடியும். இப்பட்டதாரிகளுள் ஒருவர் தம் பணிக்காலமான 30 ஆண்டுகளும் ஒரே திட்டில் அவ்வாறு அளந்து வந்தாலும், அது ஓர் ஆவுளியா வாழக்கூடிய நாளில் பாதியைத் தொடாது.