இரண்டு நிறம், ஒரு சுற்று

ஸ்வெட்டர், குல்லா என்று பின்னிப் பழகியவர்கள் வீட்டில் எங்காவது ஒரு துணிப்பை தொங்கிக்கொண்டிருக்கும். குழந்தைக்குப் பின்னியதில் மிஞ்சிய வெளிர் மஞ்சள் கொஞ்சம், நிறத்தில் மயங்கி வாங்கிய ஒற்றைக் கண்டு, பழைய மஃப்ளரைப் பிரித்தெடுத்த சுருண்ட நூல். எறிய மனம் வராது. எதற்கும் காணவும் காணாது. கடைசியில் அது பல நிறப் பட்டை போட்ட மஃப்ளராகவோ, கட்டம் கட்டமாகச் சேர்த்துத் தைத்த போர்வையாகவோ ஆகும். அவற்றில் பலவற்றைப் பார்க்கும்போது, பை காலியான நிம்மதிதான் எனக்குத் தெரிகிறது. கண்ணுக்கு நிறைவு வருவதில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும் நூலிலிருந்தே ஒரு பெரிய கலையைக் கட்டி எழுப்பியவர்கள் உண்டு. ஸ்காட்லாந்துக்கு வடக்கே, கடலுக்கு நடுவில் உள்ள ஷெட்லாந்துத் தீவுகளின் பெண்கள் அவர்கள். ஷெட்லாந்துக்கும் ஆர்க்னித் தீவுகளுக்கும் இடையில் ஃபேர் ஐல் என்று ஒரு சின்னத் தீவு. நீளம் ஐந்து கிலோமீட்டர். இன்று அங்கே நூறு பேர்கூட இல்லை. அந்தத் தீவின் பெயரில்தான் உலகம் முழுவதும் இந்தப் பெண்களின் வண்ணப் பின்னலை அழைக்கிறார்கள். படம் காட்ட முடியாத வானொலியில் வண்ணப் பின்னலைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் துணிச்சல்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஷெட்லாந்து இருப்பது 60 பாகை வட அட்சத்தில். டிசம்பர் கடைசியில் அங்கே பகல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. மரம் அபூர்வம்; காற்றுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. ஆண்கள் மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்விடுவார்கள். நிலம், மாடு, ஆடு, அடுப்பு எல்லாம் பெண்கள் தலையில். அடுப்புக்கு விறகு கிடையாது. சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய கரிமண் கட்டிகளைக் கூடையில் அடுக்கி முதுகில் சுமந்து வர வேண்டும். அப்படிச் சுமந்து நடக்கும்போதும் கை பின்னிக்கொண்டே இருக்கும். பழைய புகைப்படங்களில் பார்க்கலாம்: முதுகில் கூடை, கையில் பாதி முடிந்த காலுறை.

நடந்துகொண்டே எப்படிப் பின்ன முடியும்? இடுப்பில் ஒரு தோல் பெல்ட் கட்டுவார்கள். அதில் குதிரைமயிர் அடைத்த சிறு மெத்தை ஒன்று இருக்கும். மெத்தையின் மேல் துளைகள். வலது கை ஊசியின் பின்முனையை ஒரு துளையில் செருகிவிட்டால் ஊசியைத் தாங்கிப் பிடிக்கும் வேலை கைக்கு இல்லை. விரல்கள் நூலை மட்டும் கவனித்தால் போதும். வேகம் அங்கிருந்துதான் வருகிறது. இன்றும் அந்தத் தீவுகளில் அந்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு பின்னுகிறார்கள்.

இனி பின்னலுக்கு வருவோம். தூரத்திலிருந்து ஒரு ஃபேர் ஐல் குல்லாவைப் பார்த்தால் எட்டுப் பத்து நிறங்கள் கலந்து தெரியும். கிட்டத்தில் போய் ஒரே ஒரு வரிசையை மட்டும் பாருங்கள். அதில் இரண்டே நிறங்கள்தான் இருக்கும். இதுதான் அந்த மரபின் அடிப்படைச் சட்டம்: எந்தச் சுற்றிலும் இரண்டு நூலுக்கு மேல் கூடாது. அடுத்த சுற்றில் ஒரு நூலை மாற்றிக்கொள்ளலாம், அதற்கடுத்த சுற்றில் இன்னொன்றை மாற்றலாம். ஒரு சுற்றுக்குள் மூன்றாவது நிறம் நுழையாது. நிறங்கள் அத்தனையும் சுற்றுக்குச் சுற்று மாறி மாறி வருபவை.

பின்னுகிற நூல் முன்னால் கண்ணியாகும்போது, அந்த இடத்தில் வேலையில்லாத நூல் பின்புறம் சும்மா ஓடி, தன் முறை வரும்போது மேலே வரும். அதனால் துணிக்கு உட்புறமாக இன்னொரு நூல் அடுக்கு கிடைத்துவிடுகிறது. இரண்டு அடுக்குக்கும் நடுவில் காற்று தங்குகிறது. குல்லாவும் கையுறையும் கதகதப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அழகும் சூடும் ஒரே வேலையில் கிடைத்துவிடுகின்றன.

ஆனால் பின்னால் ஓடும் நூல் நீளமாக இருந்தால் ஆபத்து. கையுறைக்குள் விரல் விடும்போது மாட்டி இழுக்கும். அதனால் ஒரே நிறத்தில் நாலைந்து கண்ணிக்கு மேல் தொடர்ந்து வராதபடி உருவங்களை அமைத்தார்கள். ஃபேர் ஐல் உருவங்களில் சாய்கோடுகள் அதிகம் இருப்பது இதனால்தான். எண்கோணம், அதன் பக்கத்தில் பெருக்கல் குறி, மறுபடி எண்கோணம். நடுவில் ஒரு சின்ன நட்சத்திரம். நம் வீட்டுப் புள்ளிக் கோலத்தைப் போலவே இதிலும் முதலில் எண்ணிக்கை. ஒரு புள்ளி தவறினால் மறுகோடியில் பல் இளிக்கும். எல்லாமே வட்டமாகப் பின்னப்படுவதால் முன்பக்கம் எப்போதும் கண்ணெதிரே இருக்கும். உருவம் வளர்வதைப் பார்த்துக்கொண்டே பின்னலாம். பின்பக்கம் திருப்பிப் போட்டுத் தலைகீழாக எண்ண வேண்டிய தொல்லை கிடையாது.

இதில் துண்டு நூலுக்கு எங்கே இடம்? கணக்கைப் பாருங்கள். ஷெட்லாந்தின் மெல்லிய இரட்டைப் புரிக் கம்பளி நூல் 25 கிராம் உருண்டைகளாக வருகிறது. ஓர் உருண்டையில் நூறு மீட்டருக்கு மேல் நூல் இருக்கும். பெரியவர் தலைக்கு ஒரு குல்லாவில் ஒரு சுற்று போட, ஒரு நிறத்தில் இரண்டு மீட்டர் அளவுக்குப் போதும். அப்படியானால் பையின் அடியில் கிடக்கும் பத்து மீட்டர் சிவப்பு ஐந்து சுற்றுக்கு வரும். ஐந்து சுற்று என்பது ஓர் உருவத்தின் நடுப்பகுதி முழுவதும்! பட்டை போட்ட மஃப்ளரில் அந்தப் பத்து மீட்டர் ஒரு கீற்றாகக் காணாமல் போயிருக்கும். இங்கே அதுதான் கண்ணைப் பிடித்து நிறுத்தும்.

பழைய நாட்களில் இதற்கு ஒரு பொருளாதாரக் காரணமும் இருந்தது. ஷெட்லாந்து ஆடுகள் உருவத்தில் சிறியவை. அவற்றின் மயிர் மிக மென்மை. வெள்ளை, சாம்பல், தவிட்டு நிறம், கரும்பழுப்பு எல்லாம் ஆட்டிலிருந்தே கிடைத்துவிடும், சாயம் வேண்டாம். ஆனால் நீலத்துக்கு அவுரியும் சிவப்புக்கு மஞ்சிட்டி வகை வேரும் கப்பலில் வந்தாக வேண்டும், காசு கொடுத்து வாங்க வேண்டும். விலைகொடுத்த நிறத்தை யாராவது பின்னணிக்குக் கொட்டுவார்களா? இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு சுற்று வைத்தார்கள்.

'பையில் இருப்பதையெல்லாம் எடுத்துப் போடு, தானாக அழகு வரும்' என்று சிலர் சொல்வதுண்டு. அதை நான் ஏற்பதில்லை. ஃபேர் ஐல் பின்னலில் முக்கியம் வெளிச்சமும் இருளும்தான். சிவப்பா நீலமா என்பது இரண்டாம் பட்சம். உருவத்தின் நிறம் கருமையானால் பின்னணி வெளிர வேண்டும், அல்லது நேர்மாறாக. அடர்சிவப்பும் அடர்பச்சையும் தனித்தனியாகப் பார்த்தால் எவ்வளவு வேறுபட்டவை! ஒரே சுற்றில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றில் ஒன்று மூழ்கி, உருவமே தெரியாமல் போகும். உழைப்பு அத்தனையும் வீண். சோதித்துப் பார்ப்பது சுலபம். மிச்ச நூல்களை மேசையில் வரிசையாக வைத்து, கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். படத்தில் ஒரே சாம்பலாகத் தெரியும் இரண்டு நூல்களை ஒரு சுற்றில் சேர்க்காதீர்கள். வெளிர் நிறங்கள் ஒரு குவியல், கரிய நிறங்கள் ஒரு குவியல் என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நடுவாந்தர நிறங்கள்தான் தொல்லை தருபவை. அவற்றைக் கஞ்சத்தனமாகப் பயன்படுத்துங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. நம் ஊர்க் கடைகளில் 'உல்லன்' என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். அதுவும் நல்ல நூல்தான், குல்லாவுக்குத் தாராளமாக ஆகும். ஆனால் உண்மைக் கம்பளியையும் அக்ரிலிக்கையும் ஒரே குல்லாவில் கலந்தால், துவைக்கும்போது ஒன்று சுருங்கும், மற்றொன்று சுருங்காது. தடிமனும் ஒன்றாக இருக்க வேண்டும். நிறத்தில் எவ்வளவு தாராளமோ அவ்வளவு கண்டிப்பு இதில் வேண்டும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதைச் சுற்றிக் கதைகள் அதிகம். 1588இல் ஸ்பானியப் போர்க்கப்பல் படையைச் சேர்ந்த 'எல் கிரான் கிரிஃபோன்' என்ற கப்பல் ஃபேர் ஐல் கரையில் மோதி உடைந்தது, அது உண்மை. அதிலிருந்து தப்பிய மாலுமிகள்தான் தீவுப் பெண்களுக்கு இந்த உருவங்களைக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது பிற்காலத்தில் பரவிய கதை. அதற்கு ஆதாரம் இல்லை. பெண்கள் தாங்களே யோசித்துச் செய்தார்கள் என்று ஒப்புக்கொள்ள ஏனோ பலருக்குத் தயக்கம். கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சான்று வேறு ஒன்று. 1951இல் ஷெட்லாந்தின் கன்னிஸ்டர் என்ற இடத்தில் கரிமண் வெட்டியபோது ஓர் ஆணின் உடைகள் கிடைத்தன. சதுப்பு நிலம் உடலைத் தின்றுவிட்டு உடைகளைக் காப்பாற்றி வைத்திருந்தது. பின்னிய குல்லா, கையுறை, காலுறை, கூடவே ஒரு சின்னப் பணப்பை. அந்தப் பையில் சாம்பல் நிறத்துக்கு மேல் சிவப்பிலும் வெள்ளையிலும் உருவம் போட்டிருந்தது. உள்ளே இருந்த நாணயங்கள் 17ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்தவை. ஷெட்லாந்தில் கிடைத்தவற்றுள் வண்ண உருவம் உள்ள மிகப் பழைய பின்னல்களில் அது ஒன்று. அதுவும் மேலங்கி அல்ல, ஒரு பணப்பை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

பிறகு 19ஆம் நூற்றாண்டில் மீனவர்களின் நீண்ட தொங்கு குல்லாக்கள் வந்தன. உச்சியிலிருந்து அடி வரை பட்டை பட்டையாக உருவங்கள். ஸ்வெட்டர் புகழ்பெற்றது அதற்கும் பின்னால்தான். 1922இல் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் எட்டாம் எட்வர்ட் ஆனவர், செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானத்துக்கு ஃபேர் ஐல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தார். அவ்வளவுதான், கனவான்கள் எல்லோருக்கும் அது வேண்டியதாயிற்று.

பின்னியவளுக்கு என்ன கிடைத்தது? அதைச் சொல்லாமல் இந்தக் கலையைப் புகழ்வது நியாயமில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஷெட்லாந்தில் வியாபாரிகள் பின்னல் வேலைக்குப் பணமாகக் கூலி கொடுப்பதில்லை. தங்கள் கடையிலிருந்தே தேயிலை, துணி என்று சரக்காகக் கொடுத்துக் கணக்கை நேர் செய்வார்கள். 1872இல் அரசு அமைத்த விசாரணைக் குழு இதை விரிவாகப் பதிவு செய்தது. வாடகைக்கும் மாவுக்கும் பணம் தேவைப்படும் வீட்டில் தேயிலையை வைத்து என்ன செய்வது? இன்றும் கையால் ஒரு முழு ஸ்வெட்டர் பின்ன நூறு மணி நேரம் ஆவது சாதாரணம். அந்த உழைப்புக்கு உரிய கூலியை எந்த வாங்குபவரும் கொடுப்பதில்லை. 1970களில் வடகடல் எண்ணெய் ஷெட்லாந்துக்கு வந்து, மாதச் சம்பளத்தில் வேறு வேலை கிடைத்தபோது, பல பெண்கள் விற்பனைக்குப் பின்னுவதைக் கைவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2010இல் செலவைக் குறைப்பதற்காக ஷெட்லாந்துப் பள்ளிகளில் பின்னல் வகுப்பு நிறுத்தப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டில்தான் அங்கே கம்பளி வாரம் என்ற திருவிழா தொடங்கியது. இப்போது ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் உலகெங்குமிருந்து பின்னுகிறவர்கள் தலைநகர் லெர்விக்குக்கு வந்து கூடுகிறார்கள். விழாவுக்காக ஒரு குல்லா வடிவத்தை இலவசமாக வெளியிடுவார்கள். 2015இல் டோனா ஸ்மித் வடிவமைத்த குல்லாவில் வெள்ளை ஆடுகள் வரிசையாக நிற்கும். வடிவம் ஒன்றுதான், வானத்துக்கும் புல்லுக்கும் ஆளாளுக்குத் தங்கள் பையில் இருந்த நிறத்தைப் போட்டார்கள். பழைய சட்டத்துக்குள் நின்றுகொண்டே ஆளுக்கொரு குல்லா. ஸ்வெட்டருக்கு விலை கட்டாது. குல்லா நாலைந்து மாலைகளில் முடியும், 50 கிராம் நூலில் அடங்கும். கையால் பின்னுவது இனி பெரும்பாலும் சின்ன உருப்படிகளில்தான் பிழைக்கும் என்பது என் கணிப்பு.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ, பனி கொட்டும் டொரண்டோவிலோ இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் கையோடு தொடங்கலாம். வட்டமாகப் பின்னத் தெரிந்திருந்தால் போதும். முடித்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து விரித்து உலர்த்துவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஊசியிலிருந்து எடுத்தவுடன் கண்ணிகள் கோணல்மாணலாகத்தான் இருக்கும். கம்பளி நனைந்து உலர்ந்தால்தான் ஒன்றோடொன்று படிந்து உருவம் துலங்கும். தட்டையான வட்டத் தொப்பியை ஷெட்லாந்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டின் மேல் மாட்டி உலர்த்துவார்கள். கையுறைக்குக் கை வடிவில் மரப்பலகை உண்டு. தொப்பிக்கு நம் வீட்டு எவர்சில்வர் தட்டே போதும்.

முதல் வேலையாகக் கையுறை வேண்டாம், கட்டைவிரல் தொல்லை. மணிக்கட்டை மூடும் உறை ஒரு ஜோடி பின்னுங்கள். நேரான குழாய், குறைக்கவும் கூட்டவும் வேண்டாம். தொடங்குமுன் ஒவ்வொரு மிச்ச நூலையும் சமையலறைத் தராசில் வைத்துச் சரிபாதியாகப் பிரித்து, இரண்டு தனி உருண்டைகளாகச் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு பாதி இடது கைக்கு, மறுபாதி வலது கைக்கு. இல்லாவிட்டால் இரண்டாவது உறையின் நடுவில் சிவப்பு தீர்ந்துபோகும், அந்தச் சிவப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது.