பறவை வரைந்தவர் பெயர் எங்கே?

டெங்கில் பாயா இண்டா ஈரநிலத்தில் ஒருகாலத்தில் ஈயம் தோண்டிய பள்ளங்கள்தாம் இன்று ஏரிகளாகக் கிடக்கின்றன. காலையில் போனால், செந்நாரை மீனுக்காகக் காத்து நிற்பதைப் பார்க்கலாம். கைத்தொலைபேசியை ஒரு தட்டுத் தட்டினால் படம் வந்துவிடும். 200 ஆண்டுகளுக்கு முன்பு அதே பறவையைத் தாளில் கொண்டுவர ஓவியர் ஒருவர் பொறுமையாக உட்கார வேண்டியிருந்தது. அவர் யார்?

தொலைவில் தேட வேண்டியதில்லை, மலாக்கா இருக்கிறது. 1803 முதல் 1818 வரை அங்கே ஆங்கிலேய ஆட்சியதிகாரியாக இருந்தவர் வில்லியம் ஃபார்குவார். பின்னாளில் சிங்கப்பூருக்கு முதல் ரெசிடெண்டாகப் போனவரும் அவரே. பறவை, விலங்கு, மீன், செடி என்று 477 நீர்வண்ண ஓவியங்களை அவர் வரையச் செய்தார். வரைந்தவர்கள் சீன ஓவியர்கள். இறகும் அலகும் ஐரோப்பிய அறிவியல் கேட்ட துல்லியத்தில் இருக்கும். பறவை அமர்ந்த பாறையைப் பார்த்தாலோ சீன ஓவிய மரபு தெரிந்துவிடும். 1993ல் லண்டனில் ஏலத்துக்கு வந்த இத்தொகுப்பை ஜி. கே. கோ 3 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கி, சிங்கப்பூர் அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். தொகுப்புக்குப் பெயர் ஃபார்குவார் தொகுப்பு. வரைந்த கைகளுக்குத்தான் பெயர் இல்லை.

அந்தக் காலத்து வழக்கம் அப்படி என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அது சரியல்ல. அதற்கும் முன்பே, கல்கத்தாவில் தலைமை நீதிபதியின் மனைவி மேரி இம்பே, 1777 முதல் 1782 வரை பாட்னா ஓவியர்களை வைத்துப் பறவைகளை வரைவித்தார். ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் என்ற மூவரின் பெயர்களும் அந்தத் தாள்களிலேயே எழுதப்பட்டன. மனமிருந்தால் எழுத ஒரு வரி போதும்!

இவையெல்லாம் ஒரே ஒரு பிரதியாக வரைந்தவை. அச்சுப்படங்களின் கதை இன்னும் சிக்கலானது. பறவையின் உருவத்தைக் கல்லில் எண்ணெய்ப்பசை மையால் வரைந்து, கறுப்பில் அச்சிடுவார்கள். பிறகு மாதிரித்தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிரதிக்கும் கையாலேயே வண்ணம் தீட்ட வேண்டும். 200 பிரதி என்றால் 200 முறை அதே கழுத்து, அதே சிவப்பு. சென்னையில் ஜெர்டன் 1843 முதல் 1847 வரை வெளியிட்ட இந்தியப் பறவைப் படநூலில் இருந்த 50 படங்களுக்கும் இப்படித்தான் வண்ணம் ஏறியது. உள்ளூர் ஓவியர்கள் அதில் பங்குகொண்டார்கள். நூலின் முகப்பில் நின்றதோ ஜெர்டன் பெயர்.

இத்துறையில் பெரும்புகழ் பெற்றவர் லண்டனின் ஜான் கூல்ட். அவருடைய இமயமலைப் பறவை நூலுக்குக் கல்லில் வரைந்தவர் மனைவி எலிசபெத். தலைப்புப் பக்கத்தில் கணவர் பெயர். மனைவி பெயர் படங்களின் அடியில் சிறிய எழுத்தில். எட்டாவது பிள்ளையைப் பெற்ற கையோடு, 1841ல் 37 வயதில் அவர் மறைந்தார். அவருக்காவது அந்தச் சிறிய எழுத்து கிடைத்தது. வண்ணம் தீட்டியவர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை.

இன்று அந்தப் பழைய நூல்களைப் பிரித்து, தாள் தாளாகச் சட்டமிட்டு விற்கிறார்கள். வாங்குபவர் முதலில் பார்ப்பது வண்ணம் மங்காமல் இருக்கிறதா என்பதைத்தான். கீழே ஒட்டிய சீட்டில் 'கூல்ட்' என்றிருக்கும்.