நின்ற இதயமும் குருதியழுத்தமும்



இன்றைய பொழிவின் பொருள் மருத்துவத்தைச் சார்ந்தது. எனினும், அதனை ஒரு சொல்லிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது. மாரடைப்பு என்னும் ஒரே சொல்லால் இருவேறு நிலைகளை நாம் குறித்து வருகிறோம். இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. அந்நிலையில் நோயாளர் பெரும்பாலும் விழிப்புடன் இருப்பார். நெஞ்சுவலியைத் தாமே எடுத்துரைப்பார். அவர் கையில் பட்டையைச் சுற்றிக் குருதியழுத்தத்தை அளந்துவிடலாம். இதயம் குருதியை வெளியே செலுத்தும் ஆற்றலை இழந்துவிடுவது இதயநிறுத்தம். அந்நிலையில் ஒருவர் சில நொடிகளில் நினைவிழப்பார். இயல்பான மூச்சும் நின்றுவிடும். முன்னது பின்னதற்குக் காரணமாகலாம். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல.

அவ்வாறாயின், இதயம் நின்றவருக்குக் குருதியழுத்தம் உண்டா? உண்டு. ஆனால் அது அவருடைய இதயம் தந்த அழுத்தமன்று. உதவுபவரின் கைகள் தந்த அழுத்தம். நெஞ்சின் நடுவே முறையாக அழுத்தும்போது இயல்பான குருதியோட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கிடைக்கிறது. மூளையும் இதயமும் உயிர்பிழைத்திருப்பது அச்சிறு ஓட்டத்தினால்தான்.

அதனை அளப்பது எவ்வாறு? 1896இல் இத்தாலிய மருத்துவர் ரீவா-ரோச்சி கைப்பட்டைக் கருவியை அறிமுகப்படுத்தினார். 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரொட்கோவ், பட்டையின் இறுக்கம் தளரும்போது தமனியில் எழும் ஒலியைக் கேட்டு அளக்கும் முறையைக் கூறினார். இவ்விரண்டும் நாடித்துடிப்பை நம்பியவை. நெஞ்சழுத்தத்தின்போது துடிப்பு மிக மெலிந்திருக்கும். உடலோ ஓயாது அசையும். ஆகவே கைப்பட்டைக் கருவி எண் எதனையும் காட்டாது, அல்லது நம்பத்தகாத எண்ணைக் காட்டும். அதற்காகக் கையை நிறுத்திக் காத்திருந்தால், அரிதின் முயன்று உயர்த்திய அழுத்தம் சில நொடிகளில் சரிந்துவிடும். விரலால் நாடி பார்ப்பதிலும் பயிற்சி பெற்றவர்களே பிழைபடுவதுண்டு. அதனால்தான் அதற்குப் பத்து நொடிக்கு மேல் செலவிடலாகாது என்று வழிகாட்டு நெறிகள் வரையறுக்கின்றன.

நம்பத்தக்க வழி, மணிக்கட்டிலோ தொடையிலோ உள்ள தமனிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, ஒவ்வோர் அழுத்தத்தையும் திரையில் அலையாகக் காண்பதே. தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அறுவை அரங்கிலும் இது பெரும்பாலும் முன்பே பொருத்தப்பட்டிருக்கும்.

நெஞ்சழுத்த முறையே இத்தகைய அளவீட்டிலிருந்துதான் பிறந்தது. 1958ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த நிக்கர்பாக்கர், இதயம் நின்ற நாயின் நெஞ்சில் கனத்த மின்முனைகளை அழுத்தி வைத்தபோது, மின்னதிர்வு தருமுன்னரே தமனியழுத்தம் உயர்ந்ததைக் கண்டார். கௌவன்ஹோவன், ஜூட் ஆகியோருடன் அவர் மேற்கொண்ட ஆய்வு 1960இல் வெளியாயிற்று. மார்பைப் பிளக்காமலே குருதியை ஓட்டலாம் என்பதை உலகம் அறிந்தது.

திரையில் தெரியும் எண்களுள் எது முதன்மையானது? பலரும் உயர்ந்த எண்ணையே நோக்குவர். ஆனால் இதயத் தசைக்குக் குருதி பெரிதும் பாய்வது, கை அழுத்தும் கணத்திலன்று, விடுவிக்கும் கணத்தில்தான். அக்கணத்தில் பெருந்தமனிக்கும் வலது மேலறைக்கும் இடையே நிலவும் அழுத்த வேறுபாடே தசைக்கு உணவூட்டுகிறது. 1990இல் வெளியான ஓர் ஆய்வில், இவ்வேறுபாடு 15 மில்லிமீட்டர் பாதரச அளவையேனும் எட்டாத நோயாளர் எவருக்கும் இதயத்துடிப்பு மீளவில்லை. ஆகவே கீழெண் தாழும்போது, அழுத்தும் முறையைத் திருத்தவும் மருந்து பற்றி முடிவெடுக்கவும் மருத்துவக் குழு முற்படுகிறது. மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தியபின், வெளிமூச்சிலுள்ள கரியமில வாயுவின் அளவும் துணைச் சான்றாகிறது. அது திடீரென உயர்வது இதயம் மீண்டதற்கு ஓர் அறிகுறி.

இங்கே நம் கலைச்சொற்களையும் எண்ணிப் பார்க்கலாம். சுருக்கழுத்தம், விரிவழுத்தம் என்பவை இதயத்தின் செயலைக் குறிப்பவை. இதயம் சுருங்கவும் விரியவும் இல்லாத இந்நிலையில் அவற்றை அப்படியே ஆள்வது பொருந்துமா? அழுத்துநிலை, விடுநிலை என்று நாம் கூறின், மாணவர்க்குச் செய்முறையும் உடன் விளங்கும். விடுநிலையும் சிகிச்சையின் பாதியே என்பது சொல்லிலேயே பதியும்.

தெருவிலும் வீட்டிலும் தமனிக்குழாய் இல்லை, தேவையும் இல்லை. ஒருவர் அழைத்தும் அசையவில்லை, இயல்பாக மூச்சுவிடவில்லை எனில், அளவுகருவியைத் தேட வேண்டா. சிங்கப்பூரில் 995ஐ, மலேசியாவில் 999ஐ அழைக்க வேண்டும். பெரியவர்களுக்கு நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்திற்குக் குறையாமலும் ஆறைத் தாண்டாமலும் அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுமையாக எழும்ப விட வேண்டும். ஏஇடி கருவி வந்ததும் அது கூறும் வழியில் நடக்க வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே, மாரடைப்பும் இதயநிறுத்தமும் வேறென்று வகுப்பறையில் ஒருமுறை தெளிவுபடுத்துங்கள். அவ்வேறுபாட்டை அறிந்த மாணவர், விழுந்து கிடப்பவரின் அருகே அழுத்தமானியைத் தேடி நிற்கமாட்டார். கைகளை நெஞ்சின்மேல் வைப்பார்.